கேளாமலே செய்ய வேண்டிய உதவி

(ஆலயப் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இக்கோவிலுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது மண் சுமந்தவர்களும் செங்கல் எடுத்துக் கொடுத்தவர்களும் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று அவர்களுக்கு இருபத்தைந்து, முப்பது வயது. இன்று எழுபத்தைந்தையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். நேற்று மாலை அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். பெயர் வாசித்தபோது எழுந்து வந்தவர்கள் பாதிப்பேர்தான். ஏன் வரவில்லை என்று வீட்டாரை விசாரித்தேன். "அம்மாவுக்குக் கூட்டம் பிடிக்காது, சாமி" என்றார் ஒருவர். "அப்பா இப்போதெல்லாம் வெளியே வர விரும்புவதில்லை" என்றார் இன்னொருவர்.

கூட்டம் பிடிக்காத அந்த அம்மாள்தான் மாதா தேர்த் திருநாளில் ஆயிரம் பேர் நடுவே நின்று பாட்டு எடுத்துக்கொடுத்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். பிடிக்காமல் போகவில்லை, அன்பர்களே, முடியாமல் போயிருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை. வீட்டாரும் கவனிக்கவில்லை. இந்த இரண்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். குடும்ப நாளில் கணவன் மனைவி ஒற்றுமை, பிள்ளை வளர்ப்பு என்று பேசுவதுதான் வழக்கம். அவற்றைப் பற்றி நிறையக் கேட்டுவிட்டீர்கள்.

முதியவர்கள் உதவி கேட்க மாட்டார்கள். முதலில் இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். "எப்படியம்மா இருக்கிறீர்கள்?" என்றால், "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி, நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். இந்த 'நல்லா இருக்கே'னில் பாதி அன்பு, பாதி அச்சம். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஆயிரம் கவலை, நம்மாலும் ஒன்று வேண்டாமே என்பது அன்பு. அச்சம் வேறு. கீழே விழுந்தேன் என்று சொன்னால் தனியாக இருக்க விடமாட்டார்கள், சென்னைக்கோ திருப்பூருக்கோ கூட்டிக்கொண்டு போய் மூன்றாம் மாடியில் உட்கார வைத்துவிடுவார்கள், வீட்டைப் பூட்டிவிடுவார்கள், மகனுக்கும் மருமகளுக்கும் நம்மால் சண்டை வரும், கடைசியில் முதியோர் இல்லம். இவ்வளவையும் மனத்திலே ஓட்டிப் பார்த்த பிறகுதான் அந்தக் கிழவி, "நல்லா இருக்கேன்" என்கிறாள். ஆகவே அவர்கள் சொல்வதைக் கேட்டு முடிவு செய்ய முடியாது. வீட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இது ஏதோ நாலு குடும்பத்துப் பிரச்சினை என்று நினைக்கவேண்டாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அதன்பின் ஆயுள் கூடியிருக்கிறது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. முன்பு ஆறு பிள்ளைகளில் ஒருவராவது ஊரில் இருப்பார். இப்போது இருப்பதே இரண்டு. ஒன்று துபாயில், ஒன்று பெங்களூரில்.

வீட்டில் எதைப் பார்ப்பது? அடுக்களையிலிருந்து தொடங்குங்கள். அடிப்பிடித்துக் கருகிய பாத்திரங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றனவா? அடுப்பில் வைத்ததை மறந்திருக்கிறார்கள். குளிர்பதனப் பெட்டியிலே நாலு நாள் குழம்பு இருக்கிறதா? மூப்பிலே நாக்கின் ருசியும் மூக்கின் மோப்பமும் மங்கும். கெட்டது கெட்டதாகத் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. ஊரே மெச்சிய கைப்பக்குவம் உள்ளவர் வைத்த குழம்பிலே திடீரென்று உப்புக் கரிக்கிறது என்றால், கேலி செய்யாதீர்கள், கவனியுங்கள். மூன்று வேளையும் பன்னும் டீயும் என்று ஓட்டுகிறாரா? அரிசி டப்பா சென்ற மாதம் இருந்த அளவிலேயே நிற்கிறதா? சமைக்க நிற்க முடியவில்லை என்பதை அரிசி டப்பா சொல்லும், அம்மா சொல்லமாட்டார்.

பிறகு ஆளைப் பாருங்கள். முகத்தையல்ல, முகம் உங்களைக் கண்டதும் மலர்ந்துவிடும். கால் நகத்தைப் பாருங்கள். வளர்ந்து சுருண்டிருந்தால் அவரால் குனிய முடியவில்லை. ரவிக்கை தொளதொளக்கிறதா? மோதிரத்தில் நூல் சுற்றியிருக்கிறாரா? உடல் இளைத்திருக்கிறது. முழங்கையில், நெற்றியோரத்தில் கன்றிப்போன நீலம் இருந்தால், "கதவு இடித்தது" என்பார்; விழுந்திருக்கக்கூடும். கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியிலே சுவரைப் பாருங்கள். இடுப்புயரத்தில் அழுக்காகக் கைத்தடம் ஓடியிருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்த தடம் அது. அவரிடம் கேட்டால், "கோலு எதுக்கு? நான் என்ன கிழவனா?" என்பார். (கோல் வாங்கிக் கொடுப்பவர்களுக்கு ஒரு சொல்: வலது கால் வலித்தால் கோல் இடது கையில் இருக்கவேண்டும். பலர் வலிக்கிற பக்கமே ஊன்றித் தடுமாறுகிறார்கள்.)

தண்ணீர் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். வயதானால் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். அதோடு, இரவிலே எழுந்து கழிப்பறைக்குப் போக அஞ்சிப் பல முதியவர்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். புறக்கடையில் விளக்கில்லை, படி உயரம், வழுக்குகிறது. 'குடிக்காவிட்டால் போகவேண்டியதில்லையே' என்பது அவர்களுடைய கணக்கு. அதனால் மலச்சிக்கல் வரும், நீர்க்கடுப்பு வரும், எழுந்ததும் தலைசுற்றும், மயங்கி விழுவார்கள். இடுப்பெலும்பு முறியும். பிறகு ஆஸ்பத்திரி, அறுவை, படுக்கை. அவ்வளவுக்கும் தொடக்கம், கழிப்பறைக்குப் போகும் வழியிலே ஒரு விளக்கு இல்லாதது. ஒரு விளக்கும், சுவரிலே ஒரு கைப்பிடிக் கம்பியும், குளிக்கும் இடத்தில் உட்கார ஒரு முக்காலியும், வழுக்காத தரையும், குந்த முடியாதவர்களுக்கு உட்காரும் கழிப்பிடமும் செய்துகொடுக்க என்ன செலவாகும்? இடுப்பெலும்பு அறுவைக்குக் கட்டிய குடும்பங்களைக் கேட்டுப்பாருங்கள்.

மாத்திரைகளையும் எண்ணிப் பாருங்கள். போன மாதம் வாங்கிய அட்டை அப்படியே இருக்கிறதா, அல்லது பத்து நாள் மாத்திரை ஐந்தே நாளில் தீர்ந்துவிட்டதா? இரண்டும் ஆபத்து. சர்க்கரை வியாதிக்காரர் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, உளறி, நினைவிழந்துபோவதுண்டு. காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டி கடையில் கிடைக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை யாராவது நிரப்பிவைத்தால் போதும்.

மறதியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நம் பங்கிலே பரவலாக உண்டு. "ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையையும் பிழையில்லாமல் சொல்லுகிறார் சாமி, மறதி என்று எப்படிச் சொல்லமுடியும்?" என்று கேட்கிறார்கள். சிறுவயதில் பதிந்த செபமும் பாட்டும் கடைசியில்தான் போகும். மனைவியின் பெயரை மறந்தவர்களும் மங்கள வார்த்தையை மறக்காததைக் காண்கிறோம். எனவே செபத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். காலையில் என்ன சாப்பிட்டார், நேற்று யார் வந்தார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதின் இயல்பு. ஐம்பது ஆண்டு நடந்த தெருவிலே வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதும், ஒரே கேள்வியைக் கால்மணி நேரத்தில் நாலு தடவை கேட்பதும், பணத்தை மருமகள் எடுத்துவிட்டாள் என்று பழி சொல்வதும் இயல்பல்ல. அது நோயாக இருக்கலாம். ஜெர்மானிய மருத்துவர் ஆல்சைமர் 1906ஆம் ஆண்டிலேயே இந்த மறதி நோயை விவரித்தார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் நாம் இன்னும், 'கிழடு வேண்டுமென்றே செய்கிறது' என்கிறோம். அந்தப் பழிச்சொல்லால் அழுத மருமகள்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அது உங்கள் மாமியார் சொன்னதல்ல, நோய் சொன்னது. சீராக் ஆகமத்தின் 3ஆம் அதிகாரத்தை வீட்டிலே எடுத்து வாசியுங்கள். அறிவு குன்றிய தகப்பனை எப்படி நடத்துவது என்று அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே கவலைப்பட்டிருக்கிறார்கள்.

ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும் மாற்றத்துக்கு வீட்டிலே ஆள் துணை வேண்டும். காரணமறிய ஒரு டாக்டரும் பார்க்கவேண்டும். ஆனால் நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று உளறுகிறார், செத்துப்போன தம்பியைக் கூப்பிடுகிறார், இரவெல்லாம் விழித்துப் பகலெல்லாம் தூங்குகிறார் என்றால் அது 'வயசுக் கோளாறு' அல்ல. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீர்ப்பாதையில் கிருமி, நெஞ்சிலே சளி, இரத்தத்தில் உப்புக் குறைவு, புது மாத்திரையின் விளைவு என்று பல காரணங்கள் இருக்கலாம். இவற்றில் பலவும் குணமாகக் கூடியவை. மந்திரிக்கவும் தாயத்துக் கட்டவும் அலைந்து இரண்டு நாளைப் போக்கிவிடாதீர்கள். கிறிஸ்தவர்கள் அப்படி அலைவார்களா என்று கேட்கிறீர்களா? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காது மந்தமும் கண்புரையும் மறதியைப்போலத் தோற்றமளிப்பதுண்டு. கூப்பிட்டால் திரும்பவில்லை, பேச்சில் கலந்துகொள்ளவில்லை, மூலையில் போய் உட்காருகிறார். காது கேட்காதவனுக்கு நாலு பேர் சிரிக்கும் இடத்தில் என்ன வேலை? முதலில் காதையும் கண்ணையும் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

கணவனும் மனைவியும் இருவரும் இருக்கிற வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். இவருக்குக் கண் தெரியாது, அவள் கண்ணாக இருப்பாள். அவளுக்கு நினைவில்லை, இவர் நினைவாக இருப்பார். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. ஒருவரை நாம் அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகுதான் மற்றவருடைய நிலை வெளிச்சத்துக்கு வரும். பிள்ளைகள் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் டிக்கெட் எடுத்துப் போய்விடுகிறார்கள். அந்த முப்பது நாளும் வீடு நிறைய ஆட்கள். யாரோ சமைத்தார்கள், யாரோ மாத்திரை எடுத்துக் கொடுத்தார்கள். முப்பத்தோராம் நாளில்தான் அவருடைய உண்மையான நிலை தொடங்குகிறது.

வெளியூரிலிருந்து விழாவுக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கென்று சில சொல்கிறேன். நீங்கள் கிறிஸ்துமசுக்கு வருகிறீர்கள் என்றால் உங்கள் அம்மா மூன்று வாரமாகத் தயாராகிறார். ஆள் பிடித்து வீடு கழுவி, முறுக்குச் சுட்டு, நல்ல சேலை கட்டி நிற்கிறார். இரண்டு நாள் பார்த்துவிட்டு, 'அம்மா கல்லு மாதிரி இருக்காங்க' என்று சொல்லிக்கொண்டு போகிறீர்கள். அந்த இரண்டு நாளுக்கு உழைத்த களைப்பில் அவர் ஒரு வாரம் படுத்திருப்பது உங்களுக்குத் தெரியாது. ஒருமுறை சொல்லாமல் வாருங்கள். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறீர்களே, முகத்தை மட்டும் பார்க்காமல், "அடுப்பங்கரையைக் காட்டுங்கம்மா, என்ன சமையல் பார்க்கிறேன்" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலே உண்மை சொல்லக்கூடிய ஒருவர் உங்களுக்கு இருக்கவேண்டும்.

சரி, கண்டுபிடித்துவிட்டோம். என்ன செய்வது? உடனே போர்க்கோலம் பூணாதீர்கள். "இனிமேல் நீங்கள் அடுப்புப் பக்கமே போகக்கூடாது" என்று ஒரே நாளில் சாவியையும் கரண்டியையும் பிடுங்கிக்கொள்வதை அவர்கள் உதவியாக எண்ணமாட்டார்கள்; தண்டனையாகத்தான் எண்ணுவார்கள். எந்த ஒரு வேலை அவர்களுக்கு முடியவில்லையோ அந்த ஒன்றிலே தொடங்குங்கள். தண்ணீர் தூக்குவதற்கு ஓர் ஆள். வாரம் இரண்டு நாள் தலைக்கு ஊற்றிவிட ஓர் ஆள். இரவுத் துணைக்கு ஒரு பேரப்பிள்ளை. மற்ற வேலைகளை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். உட்கார்ந்தபடி காய் நறுக்கட்டும், கீரை ஆயட்டும், பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லட்டும். "உங்களால் முடியாது" என்று சொல்லாதீர்கள். "நீங்கள் தனியாகக் குளிக்கப் போனால் எனக்கு ஆபீசிலே வேலை ஓடவில்லை, எனக்காக ஒத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். பிள்ளைக்காக என்றால் பெற்றவர்கள் எதற்கும் இணங்குவார்கள். முக்கியமாக, "உங்களை இந்த வீட்டை விட்டு அனுப்புவதற்காக இதைக் கேட்கவில்லை" என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அந்த அச்சம் நீங்கினால் பாதி மறைப்பு நீங்கிவிடும்.

பிரான்சு நாட்டிலே சான் செர்வான் என்ற ஊரில் 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஜான் ஜுகான் என்ற ஏழைப் பெண், கண்தெரியாத, உடலில் பாதி விழுந்துபோன ஒரு முதியவளைத் தன் வீட்டுக்குத் தூக்கிவந்து தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு, தான் பரணுக்குப் போய்ப் படுத்தாள். முதியோருக்குப் பணிபுரியும் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை அந்தக் கட்டிலிலிருந்து பிறந்தது; 2009இல் திருச்சபை அவளைப் புனிதையாக உயர்த்தியது. கட்டடம் கட்டிவிட்டு அவள் முதியோரைத் தேடவில்லை. ஒருத்திக்கு என்ன குறை என்று பார்த்தாள், கட்டில்தான் குறை, கட்டிலைக் கொடுத்தாள்.

நம் ஊர் வழக்கம் ஒன்றைக் கண்டித்துத்தான் ஆகவேண்டும். 'முறை வைத்துப் பார்ப்பது' என்கிறோம். மூத்தவன் வீட்டில் ஒரு மாதம், இளையவன் வீட்டில் ஒரு மாதம், மகள் வீட்டில் ஒரு மாதம். பங்கு பிரிப்பதற்கு இது நியாயமாகத் தோன்றும். நல்ல தெளிவோடு இருப்பவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எல்லாரையும் பார்த்தது போலவும் ஆகும். ஆனால் மறதி தொடங்கியவரை மாதம் ஒரு வீடாக மாற்றுவது பெருங்கொடுமை. நள்ளிரவில் எழுந்தால் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியாது. தெருக்கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். அவரை ஓரிடத்தில் இருக்கவிட்டு, பிள்ளைகள் முறை வைத்து வந்து போங்கள். வர முடியாதவர் ஆள் வைக்கப் பணம் கொடுங்கள். அப்படி வருகிற ஆளுக்கு உரிய கூலியையும் வாரத்தில் ஒருநாள் ஓய்வையும் கொடுங்கள். அவளுக்கும் வீட்டிலே ஒரு தாய் இருப்பாள்.

வீட்டோடு இருந்து பார்க்கிறவர் பெரும்பாலும் ஒரு பெண். மனைவியோ, மகளோ, மருமகளோ. அவள் இரவு எத்தனை தடவை எழுந்தாள் என்று யாரும் கேட்பதில்லை. போன மாதம் வந்துபோன நாத்தனார், "அம்மா ஏன் இளைச்சிருக்காங்க?" என்று மட்டும் கேட்கிறாள். கேட்கிறவர்கள் ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். ஆண்பிள்ளைகளும் தகப்பனைக் குளிப்பாட்டலாம். அதனால் மீசை உதிர்ந்துவிடாது.

மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில், தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைக் கோவிலுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லித் தட்டிக்கழிப்பவர்களை நம் ஆண்டவர் கடிந்துகொள்கிறார். பொன்விழா நிதிக்குத் தாராளமாகக் கொடுத்தீர்கள், நன்றி. ஆயினும் விழாக் குழுவினர் என்னைக் கோபித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்: தாய் குளிக்கிற இடத்திலே கைப்பிடிக் கம்பி இல்லாத வீட்டிலிருந்து வரும் காசு இந்தக் கோவிலுக்கு வேண்டாம். அதைக்கொண்டு முதலில் கம்பியை வையுங்கள். கோவில் படிக்கும் கைப்பிடி வைக்கப் பங்குப்பேரவையில் முடிவாகியிருக்கிறது.

அரசாங்கத்தின் உதவியையும் பெற்றுக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு உண்டு. படுத்த படுக்கையானவர்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கவேண்டும். முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567. வயதான பெற்றோரைக் கைவிடுகிறவர்களுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பராமரிப்பார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது திரும்பப் பெறவும் அதிலே வழியுண்டு. பெரியவர்களே, வீட்டை எழுதிக்கொடுக்கும்போது அந்த நிபந்தனையைப் பத்திரத்திலே எழுதச் சொல்லுங்கள். பிள்ளைமேல் நம்பிக்கையில்லாமல் செய்வதாகாது அது.

கடைசியாக என் வேலையைப் பற்றி. முன்பெல்லாம் அவஸ்தைப்பூசுதல் என்று சொல்வோம். மூச்சு இழுக்கும்போதுதான் சாமியாரைக் கூப்பிடுவார்கள். சாமியார் தெருவில் வந்தாலே பந்தல்காரனும் பின்னால் வருகிறான் என்று வியாதிக்காரர் நடுங்குவார். பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1972ஆம் ஆண்டில் அந்த முறையைத் திருத்தியமைத்தார். இன்று அது நோயில்பூசுதல். குறிப்பிட்ட நோய் ஏதும் இல்லாவிட்டாலும், மூப்பினால் மிகவும் தளர்ந்துபோனவர்களுக்கும் அதைக் கொடுக்கலாம். சட்டம் மாறி ஐம்பது ஆண்டாகியும் நீங்கள் இன்னும் கடைசி நிமிஷத்தில்தான் ஆள் அனுப்புகிறீர்கள். கோவில் படி ஏற முடியவில்லை என்று தெரிந்த அன்றைக்கே உங்கள் அன்பியப் பொறுப்பாளரிடமோ கோவில் பிள்ளையிடமோ பெயரைச் சொல்லிவிடுங்கள். முதல் வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் வீடு வீடாக நன்மை கொண்டு வருகிறேன். வின்சென்ட் தே பவுல் சபையார் இருவர் என்னோடு வருவார்கள். ஏதாவது குறை இருந்தால் அவர்கள் குறித்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்குப் புதுச் சேலை கட்டி, நாற்காலியில் தூக்கி உட்காரவைத்து, எனக்காக வீட்டை அலங்கரிக்க வேண்டாம். படுத்திருந்தால் படுத்தபடியே இருக்கட்டும். எனக்குக் காபியும் வேண்டாம். ஒரே காலையில் பதினைந்து வீட்டுக் காபி குடிக்க என் வயிற்றுக்கும் வயதாகிவிட்டது.